தங்கவயலின் லைன் வீடுகள்

பிற மாநிலங்களில் வாழும் தமிழரைப் பற்றிப் பேச்செழுந்தால், நம்மில் பெரும்பாலாருக்குத் தில்லியின் கரோல்பாக்கும், மும்பையின் மாதுங்காவும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டும் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் சென்றவருள் பலர் பரீட்சையில் தேறி, உத்தியோக உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு ரயிலேறியவர்கள். அவர்களுக்கு முன்னரே, உத்தரவு எதுவும் இல்லாமல், மேஸ்திரியின் சொல்லை மட்டும் நம்பித் தமிழ் மாவட்டங்களை விட்டுப் புறப்பட்ட ஒரு கூட்டம் உண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும், அவர்களோடு தெலுங்கு பேசும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும், 1880-களுக்குப் பின் ஆயிரமாயிரமாக அவர்கள் மைசூர் இராஜ்யத்திற்குள் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள். அவர்கள் சென்று சேர்ந்த இடமே கோலார் தங்கவயல். அவ்வயலின் ஒரு பகுதியாகிய நந்திதுர்க்கை நடுவாக வைத்துக்கொண்டு, அங்குள்ள குடியிருப்புகளையும், அக்குடியிருப்புகளில் மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட பொது இடங்களையும் நேயர்களோடு ஒருமுறை சுற்றிவர விரும்புகிறேன்.

பங்காருப்பேட்டையில் பெரிய இருப்புப்பாதையை விட்டுப் பிரியும் கிளைப்பாதை 1894-ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் நீளம் பத்து மைல் அளவே. கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்று நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் அது முடிந்துவிடும். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. இந்தப் பெயர்களைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உரிகாமும் மாரிக்குப்பமும் பழைய ஊர்ப் பெயர்கள். சாம்பியன் ரீப், பாலகாட், கோரமண்டல், மைசூர், நந்திதுர்க் ஆகியவை லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகளின் பெயர்கள். நந்திதுர்க்கம் என்னும் மலைக்கோட்டை இவ்விடத்திலிருந்து பல மைல் தொலைவில், சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்தில் இருக்கிறது. அக்கோட்டையின் பெயரை ஒரு கம்பெனியார் தம் சுரங்கத்திற்குச் சூட்டினர். சுரங்கத்தின் பெயர் அதைச் சுற்றியிருந்த குடிசைகளுக்கும் ஆயிற்று. ஆனால் இதில் எதிர்பாராத ஒரு பொருத்தமும் உண்டு. நந்தி மலைப் பக்கத்தில்தான் பாலாறு தோன்றுகிறது. அது கோலார் மாவட்டத்தின் வழியே வந்து, பேத்தமங்கலத்தில் ஏரியாகத் தேங்கி, பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தமிழ்நாட்டிற்குள் இறங்குகிறது. தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது அந்தப் பேத்தமங்கலத்திலிருந்தே. வேலூர்ப் பக்கத்து மக்கள் பிழைப்புத் தேடிப் போன இடத்திலும் தம் ஊர் ஆற்றின் நீரையே குடித்தனர்.

"தங்கவயல்" என்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்தில் "கோல்டு பீல்ட்ஸ்" என்றால் பொன் கிடைக்கும் பரப்பு என்பதே பொருள். அதில் நாற்றும் இல்லை, நீரும் இல்லை. பல ஆண்டுகளாக அரசாங்கத் தாள்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் மேசைக்கு அந்தச் சொல் வந்திருந்தால் "பொன் வளப் பகுதி" என்று எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருப்பேன். பிறருடைய கழனிகளில் பரம்பரையாக உழைத்துவந்த மக்களின் மொழியிலோ அது "வயல்" என்று ஆயிற்று. அதைவிடச் சிறந்த பெயரை எந்தக் கலைச்சொற் குழுவும் ஆக்கியிருக்க முடியாது.

சுரங்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1802-இல் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, இப்பகுதிக் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு குறிப்பெழுதினார். 1870-களில் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசாங்கத்திடம் அநுமதி பெற்றுக் குழி தோண்டத் தொடங்கினார். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற பின்னரே உண்மையான தொழில் தொடங்கியது. 1902-ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 92 மைல் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான்.

இனி ஊருக்குள் நடப்போம். வடக்கிலிருந்து தெற்காகப் பாலகாட், நந்திதுர்க், உரிகாம், சாம்பியன் ரீப், மைசூர் என்று சுரங்கங்கள் ஒரே பொன்னிழையின்மேல் வரிசையாக அமைந்திருந்தன. மேட்டுப் பாங்கான இடங்களில் துரைமாரின் பங்களாக்கள், கிளப், தேவாலயம், கோல்ப் மைதானம். ஆங்கிலேயர் இதைச் "சின்ன இங்கிலாந்து" என்று செல்லமாக அழைத்தனர். பங்களாக்களுக்குக் கீழ்ப்படியில் ஆங்கிலோ இந்திய மேற்பார்வையாளரின் வீடுகள். கம்பெனி எல்லைக்கு வெளியே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் அரசினர் அமைத்த கடைத்தெரு நகரம் ராபர்ட்சன்பேட்டை. நேரான தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாகக் கோடு கிழித்துக் கட்டப்பட்ட ஊர். அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்டின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் துணை நகரம் போன்றது ஆண்டர்சன்பேட்டை. இவை எல்லாவற்றுக்கும் இடையில், சுரங்க வாய்களை ஒட்டி, தொழிலாளர் வாழ்ந்த லைன்கள்.

"லைன்" என்ற சொல்லை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. அகராதி வரி என்றும் வரிசை என்றும் கோடு என்றும் சொல்லும். அவற்றுள் ஒன்றும் இதற்குப் பொருந்தாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அதே சொல் "லயம்" என்று வழங்குகிறது. தமிழர் கூலிகளாகச் சென்ற இடங்களிலெல்லாம் இந்தக் கட்டடம் முன்னதாகவே அவர்களுக்காகக் காத்திருந்தது என்று சொல்லலாம். தங்கவயலில் தொடக்க காலத்து லைன்கள் மூங்கில் தட்டியால் ஆனவை. ஏறக்குறையப் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. அதற்குள் அடுப்பும், படுக்கையும், பிள்ளைகளும், ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவினரும். பிற்காலத்தில் செங்கல் சுவரும் தகரக் கூரையும் வந்தன. அறையின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. தெருக்குழாய் பொது, கழிப்பிடமும் பொது.

வீடு இவ்வளவு சிறியதாயிருந்தமையால் வாழ்க்கை வாசலுக்கு வந்துவிட்டது. லைன்களைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்பது என் கருத்து. கோலமிடும் இடமும், பிள்ளைகள் படிக்கும் இடமும், பெண் பார்க்க வந்தவர் அமரும் இடமும், சாவு வீட்டுக்குப் பந்தல் போடும் இடமும் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவிலிருந்த அந்தச் சந்துதான். சுரங்கம் மூன்று ஷிப்டாக நடந்ததால் லைன் ஒருபோதும் முழுவதும் உறங்கியதில்லை. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் வீடு திரும்பும், மற்றொரு கூட்டம் புறப்படும். பொழுதல்லாப் பொழுதில் சங்கு ஊதினால் பெண்கள் சுரங்க வாயை நோக்கி ஓடுவார்கள். பூமிக்கு அடியில் பாறை தன் அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறுவது இங்கே அடிக்கடி நிகழ்ந்தது. மேலே வீடுகளே அதிரும். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு இறங்கியது. ஆழம் கூடக் கூட இந்த வெடிப்புகளும் வெப்பமும் கூடின. பாறையைத் துளைக்கும்போது எழும் கல்தூசி மார்பில் தங்கி மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோயோ சத்தமில்லாமல் கொன்றது. 1940-களில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பரிசோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் அதைக் கண்டனர்.

இத்தகைய இடத்தில் மக்கள் தமக்கென்று எதைக் கட்டிக்கொண்டார்கள்? மாரியம்மன் கோயில்களைக் கட்டினார்கள், மாதா கோயில்களை எழுப்பினார்கள். இவை எதிர்பார்க்கத்தக்கவையே. எதிர்பாராதது வேறொன்று.

அயோத்திதாச பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழை அவர் வெளியிட ஆரம்பித்தார். ஓராண்டில் அது "தமிழன்" என்று பெயர் மாறியது. அவ்விதழின் ஊக்கமிக்க வாசகர்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் இருந்தார்கள். சங்கத்தின் கிளைகள் அங்கே தோன்றின. அதே காலத்தில் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கிளைகள் இருந்தன. தங்கவயல் பௌத்தர்கள் புத்தர் பிறந்த நாளைக் கொண்டாடினார்கள், திருமணத்தையும் ஈமக் கடனையும் தம் முறைப்படி தாமே நடத்தினார்கள், கூடிப் படித்தார்கள், சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்கள். நேயர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஒருவர், உடம்பைக் கழுவிக்கொண்டு, பாலி மொழியைப் பற்றியும் திருவள்ளுவரின் சமயத்தைப் பற்றியும் நடக்கும் விவாதத்தில் போய் அமர்ந்தார். எந்தக் கம்பெனி அறிக்கையிலும் இந்தச் செய்தி இராது.

பண்டிதர் 1914-இல் மறைந்தார். அவருக்குப் பின் சிறிது காலத்தில் இதழும் நின்றது. அதனை 1926-இல் மீண்டும் உயிர்ப்பித்தவர் ஜி. அப்பாதுரையார், உயிர்ப்பித்த இடம் கோலார் தங்கவயல். ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் தமிழில் ஒரு சிந்தனை இதழ் தமிழ்நாட்டிலிருந்தல்லாமல் சுரங்கத் தொழிலாளர் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தது. பண்டிதரின் நூல்களை மறுபதிப்பிட்டுக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலைச் சார்ந்ததே. பிற்காலத்தில் தமிழறிஞர் உலகம் அயோத்திதாசரை அறவே மறந்திருந்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த "அயோத்திதாசர் சிந்தனைகள்" பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோதுதான் பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தன. அதுவரை அந்தப் பழைய தாள்கள் அழியாமல் இருந்ததற்குக் காரணம், அவற்றைத் தலைமுறையாகப் பேணிவைத்த வாசகர் குடும்பங்களே. நூலகங்கள் செய்யத் தவறியதைச் சிறு வீடுகள் செய்தன. தங்கவயலின் பொது இடங்களில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். அதற்குக் கட்டடம் பெரிதாக இல்லாமற் போனாலும்.

இரண்டாவது, மைதானம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொழிலாளர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கம்பெனியார் ஏற்பாடு செய்தனர். கைரேகை என்பது குற்றவாளிகளிடம் வாங்குவது என்று மக்கள் கருதினர். அப்போது முறையான சங்கம் ஏதும் இல்லை. ஆயினும் எல்லாச் சுரங்கங்களிலும் வேலை நின்று, மூன்று வாரம் அப்படியே நின்றது. எழுதப்பட்ட அறிக்கை இல்லாமல் லைனிலிருந்து லைனுக்குச் செய்தி பரவியது எப்படி என்று அதிகாரிகள் வியந்தனர். சந்துகளின் பயன் அவர்களுக்குத் தெரியாது. 1946-இல் நடந்த வேலைநிறுத்தம் 78 நாள் நீடித்தது. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் இறந்தனர். கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் முதலியோர் அக்காலத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள். 1954-இல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார்.

இந்த அரசியலின் தடத்தைச் சுவர்களில் காணலாம். லைன் முனைகளில் அம்பேத்கர் சிலைகளும் படங்களும் உண்டு. இத்தொகுதி மக்கள் பொதுவுடைமைக் கட்சியாரையும், இந்தியக் குடியரசுக் கட்சியாரையும், 1983-இல் அண்ணா தி.மு.க. வேட்பாளரையும் கர்நாடகச் சட்டமன்றத்திற்கு அனுப்பியவர்கள். ஆதலால் அரிவாளும் சுத்தியலும், யானையும், இரட்டை இலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன என்று கொள்ளலாம். மாநகரங்களில் இப்பொழுது ஓவியர்களை அழைத்துப் பாலத்தூண்களுக்கு வண்ணம் பூசி அதைத் தெருக்கலை என்று கொண்டாடுகிறார்கள். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் உள்ளூர்ப் பெயிண்டர் எழுதிய எழுத்தும், விடியற்காலையில் வாசலில் இட்டு மாலைக்குள் மிதிபட்டுப் போகும் கோலமும் தெருக்கலையில் சேராவா என்று கேட்கத் தோன்றுகிறது.

மைசூர் அரசாங்கம் 1956-இல் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. அப்பொழுது நந்திதுர்க், சாம்பியன் ரீப், மைசூர் என்ற மூன்றும் வேலை நடந்துகொண்டிருந்தவை. 1962-இல் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. இதற்கிடையில் அந்த ஆழத்திற்கு வேறொரு பயனும் கிடைத்தது. 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து, சாம்பியன் ரீப்பில் இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் அது காணப்பட்டது. உலக விஞ்ஞான நூல்களில் தங்கவயலின் பெயர் இதனால் நிலைத்திருக்கிறது.

பொன்னோ குறைந்துகொண்டே வந்தது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. இறுதிக் காலத்தில் 4 கிராம் கிடைப்பதே அரிதாயிற்று. ஏறக்குறைய 800 டன் பொன் கொடுத்த பிறகு, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. இறைப்புப் பம்புகள் நின்று, ஆழங்களில் நீர் ஏறியது. கம்பெனி போனதும் அதன் மருத்துவமனையும் குழாயும் துப்புரவும் அதனோடு தளர்ந்தன. லைன்களின் உலர் கழிப்பிடங்களைக் கையால் அள்ளும் கொடுமை அதற்குப் பின்னும் நீடித்தது. 2011 அக்டோபரில் கழிவுக் குழியில் இறங்கிய மூவர் இறந்த பின்னரே அது வெளியுலகின் கண்ணில் பட்டது. நாட்டின் கருவூலத்தை நிரப்பிய ஊருக்கு ஒரு பாதாளச் சாக்கடை இல்லை என்பதை எந்த மொழியில் எழுதினாலும் நாணமாகவே இருக்கிறது.

ஆயினும் மக்கள் ஊரை விடவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்தொகுதியின் மக்கள் 1,63,643 பேர். சுரங்கக் கூண்டில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது விடியுமுன் ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். அந்த ரயில் பெட்டியும் ஒரு லைன்தான்: சீட்டுப் பணம் பிடிப்பதும், சம்பந்தம் பேசுவதும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சும் அங்கே நடக்கின்றன. பெங்களூருக்கே குடிபெயர்ந்துவிட்டால் ஆறு மணி நேரம் மிச்சமாகுமே என்று நாம் கேட்கலாம். வாடகை ஒரு காரணம். மற்றொரு காரணம், லைனில் கதவைத் தட்டினால் திறக்கும் வீடுகள் அங்கே இல்லை.

இப்போதைய கேள்வி நிலத்தைப் பற்றியது. வீடுகளில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தாலும், நிலம் கம்பெனியிடமிருந்து அரசு நிறுவனத்திற்குச் சென்றதே தவிரக் குடியிருப்போருக்கு வரவில்லை. வீடு தம் பெயருக்கு ஆக வேண்டும் என்பது அவர்களது நெடுங்காலக் கோரிக்கை. இன்னொரு புறம் சயனைடு மலைகள் நிற்கின்றன. கல்லை மாவாக்கிச் சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சாம்பல் நிறக் குப்பை அது. 13 மேடுகளில் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் குவிந்திருக்கிறது. காற்றடித்தால் அதன் தூசி லைன் வீட்டுச் சோற்றுப் பானை வரையில் வரும். திரைப்படக்காரர்கள் அதன்மேல் அரங்கம் அமைத்து 2018-இல் தங்கவயலின் பெயரிலேயே எடுத்த கன்னடப் படத்தை நாடே பார்த்தது. அந்த மேடுகளில் எஞ்சியிருக்கும் பொன்னைப் பிரித்தெடுக்க, 1,003 ஏக்கரில் பணி நடத்தலாம் என்ற மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. மேடுகள் கரைந்தால் தூசி ஒழியலாம்; வேலையும் சிலருக்குக் கிடைக்கலாம். அதை ஒட்டிய குடியிருப்புகளின் நிலை என்ன என்பதையே லைன்களில் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நேயர்களில் எவரேனும் பெங்களூர்ப் பக்கம் வந்தால் தங்கவயலுக்கு ஒருநாள் ஒதுக்கலாம். பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் செல்லும் ரயிலில் உரிகாமில் இறங்கி, நந்திதுர்க்கை நோக்கி நடந்தே போகலாம். சுரங்க வாய்கள் அடைக்கப்பட்டவை. அவற்றின் அருகே போக வேண்டாம். சயனைடு மேட்டில் பிள்ளைகளை ஏறவிட வேண்டாம். நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்; மற்ற நாள்களில் சென்றால் வீட்டிலிருப்போர் முதியவர்களே, பேசவேண்டிய மற்றவர்கள் ரயிலில் இருப்பார்கள்.